கறுக்காத பிலிம்

மார்ச் 3, 1958

அன்புள்ள உங்களுக்கு,

கல்யாணத்துக்கு முன்பே கடிதம் எழுதுகிறேன், தவறாக நினைக்காதீர்கள். எப்படி அழைப்பதென்று தெரியாமல் இரண்டு தாள் கிழித்துவிட்டேன்.

நாம் முதன்முதலாகப் பார்த்த அன்று, பேச எதுவும் கிடைக்காமல், "உலையில என் நம்பர் இருபத்தேழு" என்றீர்கள். அண்ணி இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். நானோ அந்த எண்ணை மனத்தில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

அணு உலையில் நீங்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் பிலிம் பேட்ஜுகள் மாதந்தோறும் பார்சலில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத்தான் வருகின்றன. முன்பு மாட்டாஸ்பத்திரியாக இருந்த கட்டடம். மழை பெய்தால் இன்னும் அந்த வாடை எழும்பும். இருட்டறையில் பிலிம்களைக் கழுவி, எது எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. கறுப்பு கூடினால் அந்த ஆள்மேல் கதிர் அதிகம் பட்டிருக்கிறது.

உலைக்கூட வாசலில் தரை துடைக்கும் அம்மாவின் பிலிம்கூட லேசாக மங்கியிருக்கிறது. உள்ளே பம்ப் அறையில் குழாய் பூட்டும் உங்களுடையது துடைத்த கண்ணாடி போல இருக்கிறது. உங்கள் கூட்டாளிகள் நால்வருடையதும் அப்படியே. எங்கள் ஆய்வுக்கூடத் தலைவரான டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவங்க வேலைக்குப் போறாங்களா, சினிமாவுக்குப் போறாங்களா?" என்றார். நான் அடுத்த பிலிமை எடுத்து நீட்டினேன்.

பேட்ஜைக் குத்திக்கொண்டுதான் உள்ளே போகிறீர்களா?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்கு வரவிருப்பவள்

மார்ச் 11, 1958

அன்புள்ள உனக்கு,

பட்டதாரியை 'நீ' என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் 'நீங்கள்' என்றால் லீவு லெட்டர் போல இருக்கிறது.

கடிதம் வந்ததும் யாருக்கும் தெரியாமல் மரத்தடிக்குப் போய்ப் பிரித்தேன். பார்த்தால் பிலிம் பேச்சு!

உன்னிடம் மறைப்பானேன். உள்ளே போகும்போது பேட்ஜைக் கழற்றி லாக்கரில் வைத்துவிடுவோம். பிலிம் சுத்தமாக வந்தவர்களின் எண்ணை எங்கள் போர்மேன் பலகையில் எழுதிப் போடுவார். "எவன் பிலிம் கறுக்கலையோ அவன்தான்டா தொழில் தெரிஞ்சவன்" என்பார். கறுத்தால், மேலும் கதிர் படாமல் இருக்க, மூன்று மாதம் தோட்ட வேலை. போன வருடம் ஒரு எலக்ட்ரீஷியன் செடிக்குத் தண்ணீர் ஊற்றினான். இன்றுவரை அவனுக்குப் பூக்காரன் என்றுதான் பெயர்.

உலகப் போரில் ஜெயித்த நாட்டுக்காரர்கள் தங்கள் பழைய உலையை நம் தலையில் கட்டிவிட்டு, இவர்களால் ஓட்ட முடியாது என்றும் சொன்னார்கள். அடுத்த மாதம் முழுச் சக்தியில் ஓட்டப்போகிறோம். அதுவரை கசிவை அடைக்க எங்கள் ஐந்து பேரை விட்டால் ஆளில்லை. அந்த நாளில் நான் உள்ளே இருக்க வேண்டும். அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. பயப்படாதே. டாக்டர் கேட்டால் சினிமாவுக்குத்தான் போகிறார்கள் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
இருபத்தேழு

மார்ச் 17, 1958

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் வரியை மட்டும் அண்ணிக்குத் தெரியாமல் எத்தனையோ முறை படித்தேன். மற்ற வரிகளைப் படித்தபின் இருபத்தேழாம் பிலிமை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

இன்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன், அந்த ஐந்து பிலிம்களும் உலைக்குள் போகாதவை என்று. உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டார்.

"நான் கட்டிக்கப்போறவர் எழுதியிருக்கார் சார்" என்றேன்.

வீட்டில் முதல் பட்டதாரி என்று பெயர்தான். ஒரு மேலதிகாரியின் முகத்தைப் பார்த்து நான் பேசியது இன்றுதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு உலை அதிகாரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். இந்த வாரத்துக்குள் உங்கள் ஐவரையும் பம்ப் அறையிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். உலையை ஓட்டும் நாளில் நீங்கள் உள்ளே இருக்க மாட்டீர்கள். அந்த நாளே தள்ளிப்போகலாம். கூட்டாளிகள் உங்களைக் காட்டிக்கொடுத்தவன் என்பார்கள். எல்லாம் என்னால்.

கோபம் வந்தால் அது நியாயம்தான். கல்யாணம் வேண்டாம் என்பதானால் அண்ணனுக்கு எழுதுங்கள், எனக்கு எழுத வேண்டாம்.

லாக்கரில் தூங்கிய பிலிமை நான் எத்தனை முறை கழுவினாலும், உங்கள் உடம்பில் பட்டது அதில் தெரியாது. நீங்கள் வாயால் சொன்னால்தான் உண்டு. அதனால்தான், கேட்கத் தயங்கித் தயங்கி இதைக் கடைசியில் கேட்கிறேன். டாக்டரின் கடிதம் வந்து சேருமுன் நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேட்ஜ் இல்லாமல் உள்ளே போனதை, நினைவில் இருக்கும் அளவுக்கு, ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற நால்வரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள்.

நீங்கள் எனக்கு நரைத்த தலையோடு வேண்டும்.

இப்படிக்கு,
நான்