யாரும் அனுப்பாமல் போய் உட்காரும் இடம்

அன்பு மகளுக்கு,

இங்கே நான், அப்பா, மாடித் தண்ணீர்த் தொட்டி மூவரும் சௌக்கியம். தொட்டி மட்டும் லேசாக ஒழுகுகிறது. நீ அங்கே குளிரில் ஒழுங்காகச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ அவசரமாக இருக்கிறாய், நானும் அவசரமாகிவிடுகிறேன், கடைசியில் இருவரும் வானிலையைப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரு வாரம் பயிற்சி நடந்தது. பிள்ளைகளின் மனசு பற்றி. நடத்த வந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். இந்த வட்டாரத்துக்கே மனநல டாக்டர் ஒருவர்தான், அவரும் மாதத்தில் ஒருநாள் வருகிறார், அதனால் தினமும் பிள்ளைகளைப் பார்க்கிற நீங்கள்தான் முதலில் கவனிக்க வேண்டும், ஆனால் டாக்டராகிவிடாதீர்கள் என்றாள். அவள் சொன்ன விதி மூன்று: குழந்தை சொல்வதை முழுதாகக் கேள், கேட்டதை அதன் வார்த்தையிலேயே திருப்பிச் சொல், அவசரப்பட்டுப் புத்தி சொல்லாதே. எனக்கு மூன்றாவதுதான் கஷ்டம், உனக்கே தெரியும். வீட்டில் அப்பாவிடம் பழகிப் பார்த்தேன். முதுகு வலிக்குது என்றார். உங்களுக்கு முதுகு வலிக்குது என்றேன். அதைத்தானே இப்ப நான் சொன்னேன், தைலத்தை எடு என்றார். அன்றோடு வீட்டில் பயிற்சி முடிந்தது.

என் வகுப்பில் ஒரு சின்னப் பெண். மிளகு என்று கூப்பிடுவார்கள், அவ்வளவு சிறிசு. போன மழையில் அவர்கள் வீட்டுச் சுவர் இரவோடு இரவாகச் சரிந்தது. யாருக்கும் அடி இல்லை. அதன் பிறகு அவளுக்குச் சத்தம் என்றாலே ஆகவில்லை. யாராவது பெஞ்சை இழுத்தால் மேசைக்கடியில் போய்விடுவாள். சில காலைகளில் பள்ளி கேட்டருகிலேயே வாந்தி. வகுப்பில் ஒரு வார்த்தை பேசி மாதக்கணக்கு ஆகிறது. தலைமையாசிரியை கெட்டவர் இல்லை, களைத்தவர். இந்தப் பருவம் முடியறதுக்குள்ள சரியாகலைன்னா வீட்டிலேயே வச்சுக்கச் சொல்லிடலாம் டீச்சர், அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்றார். வீட்டில் நின்ற பிள்ளை அடுத்த வருஷம் வராது. அது அவருக்கும் தெரியும்.

என் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் நடுவே இருப்பது தட்டிதான், சுவர் இல்லை. அந்தப் பக்கம் இடி சார். கணக்கு வாத்தியார். ஏழாம் வாய்ப்பாட்டை அவர் சொன்னால் இங்கே சாக்பீஸ் உருளும். அவர் குரல் எழும்போதெல்லாம் மிளகு கீழே இறங்குவாள்.

பயிற்சியில் சொன்னபடி ஓர் அமைதி மூலை வைத்தேன். தட்டி முடிகிற இடத்தில், இரண்டு வகுப்புக்கும் பொதுவாக. ஒரு பாய், உன் பழைய தலையணை, ஒரு துணிப் பொம்மை. மனசு சரியில்லாத பிள்ளை தானாகப் போய் உட்காரலாம், சரியானதும் தானாகத் திரும்பலாம். மறுநாளே தட்டிக்கு அப்பாலிருந்து, வாயை மூடறியா இல்ல மூலைக்கு அனுப்பட்டுமா என்று இடி சார் குரல் கேட்டது. மதியத்துக்குள் நான்கு பேர் அங்கே முட்டிபோட்டிருந்தார்கள். தலையணை ஓரமாகக் கிடந்தது. போய்ச் சொன்னேன், சார், அது தண்டனைக்கு இல்லை. மூலைன்னா மூலைதானே டீச்சர், நாம நிக்காத மூலையா என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. நம் எல்லோருக்கும் மூலை என்றால் ஒரே அர்த்தம்தான் இருந்திருக்கிறது.

அதோடு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. யாருக்காவது அங்கே உட்காரணுமா என்று கேட்டால், நாங்க என்ன தப்பு பண்ணோம் டீச்சர் என்கிறார்கள். பாயை மாற்றினேன், பூப்போட்ட திரை தொங்கவிட்டேன். இன்னும் மோசம். சரி, நானே உட்கார்ந்து காட்டுவோம் என்று ஒருநாள் உட்கார்ந்தேன். ஒருத்தி மெல்ல வந்து குனிந்து, உங்களை யாரு டீச்சர் போட்டா, பெரிய டீச்சரா என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் எனக்காகப் பரிந்து பேச இரண்டு பேர் ஆபீஸ் பக்கம் கிளம்பிவிட்டார்கள்.

போன வாரம் இடி சார் வெளியே நின்று யாருடனோ போனில் பேசிவிட்டு வந்தார். அவர் அண்ணனோடு வீட்டுப் பிரச்சினை என்று பிறகுதான் தெரிந்தது. வகுப்பில் நுழைந்ததும் ஒருவன் பெஞ்சைத் தள்ளினான். கத்தப்போகிறார் என்று நான் இந்தப் பக்கம் மிளகைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே மேசைக்கடியில். அவர் கத்தவில்லை. எல்லாரும் கேளுங்க, எனக்கு இப்ப ரொம்பக் கோபம், உங்க மேல இல்ல, இங்கயே நின்னா உங்க மேல வந்துடும், அதனால நானே அங்க போறேன், யாரும் என்னை அனுப்பல என்றார். நேராக வந்து பாயில் உட்கார்ந்தார். முழங்கால் முகவாயைத் தொட்டது. மடியில் துணிப் பொம்மை, எங்கே வைப்பது என்று தெரியாமல்.

நான் போர்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். மிளகு மேசைக்கடியிலிருந்து வந்தாள். போய் அவர் எதிரில் நின்றாள். கொஞ்சம் தள்ளுங்க சார் என்றாள். கேட்டாயா, அவளே வாய் திறந்து சொன்னாள். அவர் தள்ளினார். மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவசரப்பட்டு ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசை. ஆகவில்லை. நேற்றுகூட மிளகு வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள், நேராக மூலைக்குப் போனாள், இரண்டாம் பாடத்துக்குத் தன் இடத்துக்கு வந்தாள். மாதாந்தர டாக்டரிடம் அவள் அம்மாவோடு நானும் போகிறேன். தலைமையாசிரியை வந்து பார்த்துவிட்டு, இருக்கட்டும் டீச்சர், அடுத்த பருவத்துக்கும் பேரை எழுதிக்குங்க என்றார். இடி சார் இன்னமும் இடிதான். குரல் ஏறினால் தட்டிக்கு மேலே ஒரு சின்னத் தலை எட்டிப் பார்க்கிறது, பெஞ்சில் ஏறி நின்று. உடனே இறங்கிவிடுகிறது, குரல்.

மாடியில் தொட்டியை அடைக்க அப்பா ஏறியிருக்கிறார், நான் கீழே ஏணியைப் பிடிக்க வேண்டும். உன் கடைவாய்ப் பல் வலியைப் பல் டாக்டரிடம் காட்டு, தள்ளிப் போடாதே. நல்லவர்கள் நடுவே, நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி நீ நீடூழி இரு. இன்னொன்று, இப்போது மூலைக்குப் போட்டி அதிகம் என்று பிள்ளைகளே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆசிரியர்களுக்குச் சாப்பாட்டு வேளையில் மட்டும்தான் இடம்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா