கடலுக்குள் உன் பேச்சு

அன்புள்ள அம்மா,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மருந்தை மறக்காமல் தடவிக்கொள்.

இதுவரை கடலில் முக்குளிப்பவர்களின் ஸ்கூபா உடைகளை அலசிக்கொண்டிருந்த என்னை, நேற்று முதன்முறையாக விருந்தினர்களோடு கடலுக்குள் அனுப்பினார்கள். பயப்படாதே, இரண்டு ஆள் ஆழம்தான்.

கீழே போனதும் ஒரு டீச்சரம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாறை இடுக்கில் ஓர் ஆக்டோபஸ் ஒளிந்திருந்தது. தண்ணீருக்குள் வாயால் பேச முடியாதே! உன்னைப்போலவே கையாலும் கண்ணாலும் சொன்னேன்: இவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு, எட்டுக் கையையும் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார்! டீச்சர் சிரித்த சிரிப்பில் அவருடைய முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மேலே வந்து அதைக் கொட்டிவிட்டு, “இன்னொரு தடவை போலாமா?” என்று அவரே கேட்டார்.

எங்களோடு கீழே வந்திருந்த பயிற்சியாளர் படகில், “இப்படிக் கையால பேச எங்க கத்துக்கிட்ட?” என்றார்.

“எங்கம்மாவுக்கு வாய் பேச வராது சார். எங்க வீட்டுப் பேச்சே இதுதான்.”

“அப்ப இனிமே துணி அலச வேணாம். தினமும் கடலுக்கு வந்துடு.”

அம்மா, ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல். போன வாரம் உன் முகம் மட்டும்தான் தெரிந்தது. கை தெரியாததால் திட்டினாயா, கொஞ்சினாயா என்றே எனக்கு விளங்கவில்லை.

படகு கிளம்புகிறது, ஓடுகிறேன்.

உன் மகள்