உனக்குப் பதில் நான்

இன்று காலை, புதிதாக வந்த பெண் உன் நாற்காலியில் உட்கார்ந்து, அடியில் இருக்கும் லீவரை அமுக்கிவிட்டாள். புஸ்ஸென்று நாற்காலி கீழே இறங்கியது. "இப்பத்தான்க்கா காலு தரைல எட்டுது" என்று சிரித்தாள். அவளை என்ன சொல்ல, அவளுக்கு என்ன தெரியும்? உன்னைத்தான் திட்டினேன், மனதுக்குள்.

நீ நெட்டச்சி. நானோ குட்டை. இத்தனை நாளும் காலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் போட்டுக்கொண்டு, நீ வைத்துவிட்டுப் போன உயரத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். "லீவரு இருக்குங்க மேடம், எறக்கிக்கலாம்ல" என்று சூப்பிரண்டு சார் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். அடுத்தவள் நாற்காலியை இறக்க நான் யாரடி?

சென்னையில் டிவி சீரியல்களுக்கு வசனம் எழுதியே என் வயசு போனது. வாய்ப்பு வற்றிய பிறகு ஊருக்கு வந்து அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டேன். நாற்பதைத் தாண்டியவள் ஆபீஸ் வேலை தேடிப் போனால் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை, கீரனூர்ப் பக்கம் ஒரு கம்பெனி. போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "இத்தன வருசம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" சொன்னதும் முகமெல்லாம் மலரும். என் சீரியலில் வரும் அந்த நாத்தனார்காரி எப்போது சாவாள் என்று ஆசையாகக் கேட்பார்கள். டீ வரும். "சொல்லி அனுப்புறோம்ங்க" என்பார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. அண்ணி சோறு போடும்போது நிமிர்ந்து பார்க்க முடியாமல் சாப்பிட்ட காலம் அது.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். காலேஜில் என் பக்கத்து இடத்துக்காரி, திருவரங்குளம் ரோட்டில் இந்தப் பாலிடெக்னிக் ஆபீசில் பல வருஷமாக வேலை பார்த்தவள்.

"கர்ப்பப்பைய எடுத்துறச் சொல்லிட்டாங்கடி. சாதாரண ஆபரேசன்தானாம். நான் லீவு முடிஞ்சு வர்ற வரைக்கும் ஏஞ்சீட்டுல நீ ஒக்காரு. வேல பழகுன மாதிரி இருக்கும், பெறகு எங்கிட்டாச்சும் கெடைக்கும். ஆனா நான் வந்ததும் எந்திரிச்சிறணும், ஆமா."

"எந்திரிக்காம? ஒன் மடியிலயா ஒக்காரப் போறேன்?"

முதல் நாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆபீஸ் நடுவில் நிறுத்தினாய். தொண்டையைச் செருமிக்கொண்டு, டிவிக்காரர்கள் குரலிலேயே அறிவித்தாய்: "இனி, எனக்குப் பதில் இவர்!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. சீரியலில் நடிகை மாறும்போது திரையில் போடும் வரி அது. அந்த வரியைப் போட்டு எத்தனை பேரை நாங்கள் அனுப்பியிருக்கிறோம்! போனவர்களில் ஒருத்திகூடத் திரும்பி வந்ததில்லை. டீக்கடைக்கு நடக்கும்போது இதை உன்னிடம் சொல்லித் தொலைத்தேன். "அச்சானியமாப் பேசாதடி, சனியனே. போயி வாயக் கழுவிட்டு வா" என்றாய். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே குழாயடிக்கு விரட்டினாய். கழுவினேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தாய். நான் எழுதிய முதல் சர்க்குலரைப் படித்துவிட்டு, "பீஸ் கட்டச் சொல்றதுக்கு எதுக்குடி சீரியல் வசனம் மாதிரி இத்தன புள்ளி வச்சிருக்க? பசங்க அழணுமா?" என்று கேட்டாயே, இப்போதும் எதையாவது எழுதி முடித்ததும் முதலில் புள்ளிகளைத்தான் அழிக்கிறேன்.

எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு பாத்திரத்தைச் சாகடிக்கப் போகிறோம் என்றால், அதற்கு முந்தின எபிசோடில் அவளுக்கு நல்ல புடவை கட்டிவிடுவோம். எல்லோரிடமும் சிரித்துப் பேசவைப்போம். நீ லீவில் போகிற கடைசி நாள் மாம்பழ நிறப் பட்டுப் புடவையில் வந்து இறங்கினாய். கையில் தூக்குச் சட்டி நிறையக் கேசரி. வாட்ச்மேன் வரைக்கும் தேடித் தேடிக் கொடுத்தாய். ஒவ்வொருத்தரிடமும் நின்று பேசினாய். என் பங்கை நான் வாட்ச்மேனிடமே கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் டிராயர் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாய். அதில் என்ன பொல்லாத சொத்து! ஒரு தைல டப்பா, ஊக்கு, பாதி தின்ற கடலைமிட்டாய்ப் பொட்டலம்.

"சாவிய மட்டும் நீயே வச்சுக்கயேன்" என்றேன்.

"ஏன், அதுக்கும் ஏதாச்சும் கத வச்சிருக்கியா? புடிடி." கைப்பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினாய். "வாரேன்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். பிறகு, எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். பிறகு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலேயே இன்னும் கொஞ்சம் தங்கச் சொன்னார்கள். தினமும் போன் செய்து ஆபீஸ் கதை கேட்டவள், பிறகு எப்போதாவதுதான் கேட்டாய். ஒருநாள் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி உன் குரல் வந்தது.

"நாற்காலி ஒனக்கு ஒசரமா இருக்குமேடி. எறக்கிக்க."

"எறக்க மாட்டேன். நீ வந்து ஒக்காரு."

"சொன்னாக் கேளுடி" என்றாய். நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

உன் காரியம் முடிந்த மறுவாரம் சூப்பிரண்டு சார் கூப்பிட்டார். "நீங்களே இருந்துக்கங்க மேடம்" என்றார். நாயாய்ப் பேயாய் அலைந்தும் கிடைக்காத வேலை அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. விஷயம் தெரிந்து அண்ணி பாயசம் வைத்தாள். பாவம், அவள் சந்தோஷம் அவளுக்கு. நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். எந்திரிச்சிறணும் என்று சொன்னவள் நீதானே? வந்து எழுப்ப வேண்டாமா?

இப்போது எனக்குக் கழுத்தில் ஒரு கட்டி. தைராய்டாம். சாதாரண ஆபரேஷன்தான் என்கிறார் டாக்டர். உனக்குச் சொன்ன அதே வார்த்தை, அதே தஞ்சாவூர். நாளைக்குப் போகிறேன். அதற்காகத்தான் இந்தப் பெண்ணை வரவழைத்திருக்கிறார்கள். நல்ல பெண். சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறாள். அவளை எல்லோருக்கும் அறிமுகம் செய்யச் சொன்னார் சூப்பிரண்டு சார். பழைய ஆட்கள் அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்த வரி அவர்களுக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் அவள் பேரை மட்டும் சொன்னேன்.

வேண்டுமென்றேதான் இன்று கசங்கின காட்டன் புடவையில் வந்தேன். யாருக்கும் ஒரு மிட்டாய்கூட வாங்கிவரவில்லை. மத்தியானம் அவள் சாப்பிடப் போனதும் நாற்காலியைப் பழைய உயரத்துக்கு ஏற்றிவைத்தேன். திரும்பி வந்தவள் ஒன்றும் கேட்காமல் அந்த அட்டைப்பெட்டியை இழுத்துக் காலடியில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அக்கா, டிராயர் சாவி தரலையே?"

சாவி என் பர்சுக்குள் இருந்தது. பர்சை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"வந்து தாரேன்" என்றேன்.