இடது தூணில் ஓர் ஆணி

நவம்பர் 3, திங்கள்

மழை தொடங்கிய பத்தாவது நிமிடம் இன்றும் வீடு முழுக்க இருட்டு. மெயின் சுவிட்ச் ட்ரிப் ஆகி விழுந்துவிட்டது. கேட் விளக்கின் சுவிட்சை அடைத்தால் மற்றதெல்லாம் எரிகிறது. அப்படியானால் கோளாறு அந்த விளக்கில்தானே?

தீபாவளிக்கு முன்பு வயர்மேன் நாகையா கேட் தூண்களில் மாட்டிய விளக்குகள். இரண்டு முறை வந்து பார்த்துவிட்டான். தண்ணீர் புகாமல் சிலிக்கான் பசை பூசினான், ஹோல்டர் மாற்றினான். "வெயில் நேரத்துல டெஸ்ட் பண்ணா நல்லாத்தான் இருக்கு லா அக்கா" என்கிறான். வெயிலில் எனக்கு எதற்கு விளக்கு?

எரிச்சலில் எங்கள் தாமான் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிப்போட்டேன்: நாகையாவைக் கூப்பிடாதீர்கள், அரைகுறை வேலை. பதினான்கு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

நவம்பர் 5, புதன்

மகள் தாமரை வந்து சொன்னாள்: "கோயில் திருவிழா லைட் வேலைய நாகையா அண்ணன்கிட்டேருந்து எடுத்து வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம். உங்க மெசேஜ பார்த்துத்தான்." ஏழு வருடமாக அவன் செய்த வேலை.

ஒழுங்காகச் செய்திருந்தால் ஏன் போகிறது?

நவம்பர் 8, சனி

தீபாவளித் தோரணத்தை இன்றுதான் கழற்றினேன். மாவிலை எல்லாம் சருகு. இடது தூணில், விளக்குக்கு நேர் கீழே, தோரணம் கட்ட அடித்த ஆணி. சுற்றிலும் துரு வடிந்திருந்தது. பிடுங்கினேன். விரல் நீளம். முனை கருகியிருந்தது.

அடித்தது நான். நாகையா விளக்கு மாட்டிய மறுநாள்.

அவன் சொன்னானே! "அக்கா, வயர் இந்தப் பக்கம் உள்ளுக்குப் போகுது, இங்க ஆணி அடிச்சிடாதீங்க." முறுக்கு பிழிந்துகொண்டே சரி சரி என்றேன். ஆணி வயரைக் கீறி, ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் அதற்குள் போயிருக்கிறது. வேறென்ன?

ஓட்டையில் பற்பசையை வைத்து அடைத்தேன். வெள்ளைச் சுவர், வெள்ளைப் பற்பசை. யாருக்குத் தெரியப்போகிறது?

நவம்பர் 9, ஞாயிறு

மழை. கேட் விளக்கைப் போடவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

கூப்பிடாமலே வந்தான் நாகையா. வயரையே மாற்றிவிடுகிறேன் என்றான். வேலைக்கு நடுவில் தூணைத் தடவிக்கொண்டே, "இங்க ஆணி ஏதும் அடிச்சீங்களா அக்கா?"

"இல்லையே."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. தூணைத் தடவிய விரலைத் துடைத்துக்கொண்டான். "அப்ப சரி. வயர்லதான் கோளாறு போல. என் தப்புதான்." மைலோ கலக்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுப் போனான்.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: எதுக்கு பொய் சொன்னே உஷாராணி? அவன் அடிச்சிடவா போறான்? வெக்கமா இல்ல உனக்கு?

நவம்பர் 14, வெள்ளி

நல்ல மழை. வீடு இருளவில்லை. விளக்கு ஜம்மென்று எரிந்தது, என்னால்தான் பார்க்க முடியவில்லை. ஏழரைக்கே அடைத்துவிட்டேன். "ரிப்பேர்தான் பண்ணியாச்சே, ஏன்மா அடைக்கிறீங்க?" என்றாள் தாமரை. கண் கூசுது என்றேன். இன்னொரு பொய்.

நவம்பர் 16, ஞாயிறு

பொறுக்க முடியாமல் நாகையாவுக்குப் போன் போட்டேன். ஜெஞ்சாரோமில் ஒரு கோழிப்பண்ணைக்கு லைட் போட்டுக்கொண்டிருந்தான். இங்கே கிள்ளானில் வேலை வருவதில்லையாம். ஆணி விஷயத்தைச் சொன்னேன், திக்கித் திக்கி.

"தெரியும்" என்றான். "வயர உருவும்போதே ஓட்டையப் பார்த்தேன். டூத்பேஸ்ட் வாசம் அடிச்சுச்சு."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"நான் சொன்னா யாரு நம்புவா? குரூப்ல எல்லாரும் படிச்சிட்டாங்களே."

நவம்பர் 17, திங்கள்

ஐந்து முறை எழுதி அழித்தேன். கடைசியில் ஆணியைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன். அடித்தது நான். அடிக்காதே என்று நாகையா சொல்லியிருந்தான். கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னதும் நான்தான். கோயில் வேலையை அவனுக்கே திருப்பிக் கொடுங்கள்.

ஒருவரும் கட்டைவிரல் காட்டவில்லை. கோயில் தலைவர் மட்டும் எழுதினார்: புது ஆளிடம் சொல்லியாகிவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம்.

நவம்பர் 29, சனி

கோயில் திருவிழா. வாசல் வளைவில் விளக்குகள் பளிச்சென்று இருந்தன. கூட்டத்தில் நாகையா, மனைவியோடு. வேறொருவன் கட்டிய விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

கிட்டே போனேன். மரியாதையாகக் கும்பிட்டான்.

"சாப்டீங்களா ஆன்டி?" என்றான்.

இத்தனை வருடமும் அக்கா என்றவன்.