கோழித் தொட்டியில் கரைத்த உப்பும் சர்க்கரையும்

என் சாமி, தம்பி பழனி,

கோழிகளுக்குக் கரைத்துக் கொடுத்த உப்பும் சர்க்கரையும் உனக்குக் கிடைக்கவில்லை. அதனால் நீ செத்துப்போனாய். ஊரில் எல்லோரும் வெயில் என்கிறார்கள். நான் அநியாயம் என்கிறேன்.

அன்றைக்கு உச்சி வெயிலில் நீ வேலை பார்த்த பண்ணையில் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சிரைத்தன. கோடைதோறும் செய்வதுபோல அவற்றின் தண்ணீர்த் தொட்டியில் எலக்ட்ரோலைட் என்கிற உப்புப் பொடியும் நாட்டுச்சர்க்கரையும் கரைத்தவன் நீதான். பிறகு கூரைமேல் ஏறித் தென்னங்கீற்றை நனைத்தாய். இறங்கியபோது உன் சட்டையில் உப்புப் பூத்திருந்ததாம். உன்னோடு வேலை செய்த செல்வி சொன்னாள். கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்று சொல்லி, தொட்டியில் ஒரு டம்ளர் மொள்ளப் போனாயாமே?

"ஏனப்பா, நீயும் முட்டை வெக்கப் போறயா?" என்றாராம் சூப்பர்வைசர். "அது கோழிக்கு வாங்குனது. பானையில தண்ணி இருக்குதல்ல, நல்லாக் குடி."

எல்லோரும் சிரித்தார்களாம். நீயும் சிரித்துவிட்டு, பானைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாய்க் குடித்திருக்கிறாய். சாயங்காலம் வாந்தி. அப்புறம் பிதற்றல். ரத்தத்தில் உப்பு அடியோடு குறைந்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

நான் பள்ளிக்கூடம் போகாதவள். எழுத்துக்கூட்டிப் படித்தும், கேட்டுக் கேட்டும் தெரிந்துகொண்டேன். வேர்வையில் தண்ணீர் மட்டுமா போகிறது? உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே ஊற்றினால் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துப்போகிறது. உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் குடலுக்குள் சேர்ந்தே நுழைகின்றன. தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகிறது. சர்க்கரை மிஞ்சினால் வயிறு கெட்டு, உள்ள தண்ணீரும் போய்விடும். இவ்வளவும் கோழிக்கு அளவு பார்த்துச் செய்தார்களே, மனுஷனுக்கு மட்டும் எப்படி மறந்தது?

துக்கத்துக்கு வந்த முதலாளி, "தண்ணிக்கு ஒரு கொறையும் வெக்கலீங்களே அம்மா" என்றார்.

"தண்ணிக்கு இல்லீங்க. உப்புக்குத்தானுங்க கொறை" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்த வருஷம் ஷெட்டுக்குள் பனிபோல நீர் தெளிக்கும் குழாய் வந்திருக்கிறது. கோழிகளுக்கு. உன் இடத்தில் ஓர் ஒடிசாக்காரர். அவருக்கும் அதே பானைதான். அவருக்காவது உப்புக் கரைத்துக் கொடுங்கள் என்று கேட்க நான் பண்ணைக் கேட்டில் போய் நின்றால், "வெயில்ல நிக்காதீங்க அக்கா, ஊட்டுக்குப் போங்க" என்கிறார் வாட்ச்மேன். பஞ்சாயத்தில் முறையிட்டேன்; பார்க்கலாம் என்றார்கள். யாரும் பார்க்கப் போவதில்லை, சாமி. அந்த ஒடிசாக்காரரும் உன்னைப்போலவே சிரித்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார்.

ஆனாலும் எழுதிவைக்கிறேன். முதலாளி அந்தப் பானைக்குப் பக்கத்தில் மனிதர் குடிக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களை வைக்க வேண்டும். சூப்பர்வைசர் உச்சி வெயிலில் யாரையும் கூரைமேல் ஏற்றக் கூடாது. கால் பிடிக்கிறது என்பவரை நிழலில் உட்காரவைத்துக் கரைத்துக் கொடுக்க வேண்டும். பிதற்றினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஷெட்டுக்கே வந்து, ஒடிசாக்காரருக்குப் புரியும்படி கரைத்துக் காட்ட வேண்டும். செல்வியும் மற்றவர்களும் அடுத்த முறை சிரிக்கக் கூடாது.

நான் நாளைக்கும் அந்தக் கேட்டுக்குப் போக வேண்டும். போவேன்.

உனக்கு முன்னால் பிறந்தும் இன்னும் இங்கேயே நிற்கிற
உன் அக்கா