அறுபது சோப்பும் ஒரு கட்டிலும்

அன்புள்ள மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையற்காரர் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்கிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, பார்.

விலைவாசி ஏறுகிறது, அனுப்புகிற பணம் வீட்டுக்குப் போதாது, அதனால் இன்னும் இரண்டு வருடம் வெளிநாட்டிலேயே வேலை பார்ப்பதாகக் கையெழுத்துப் போடப்போகிறேன், அடுத்த மாதக் கடைசிவரை கெடு என்று போன மாதம் சொன்னாய். போனை வைத்ததிலிருந்து உன் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் திட்டினால் எனக்குப் பசி எடுக்கும். பேசாமல் இருந்தால் சோறு இறங்காது. விலை ஏறுவதற்கு முன்னால் நாம் முந்திக்கொள்வது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர, மொத்தக்கடையில் நாற்பது வருடம் எடை போட்டவன். எந்தச் சரக்கு எந்த வருடம் என்ன விலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி எதிரில் ஒரு சோப்பு வாங்கினேன். ஒன்பது ரூபாய் சொன்னான். பிள்ளை பிறந்திருக்கிறது, ஒரு ரூபாய் குறை என்றேன். "எனக்கும்தான் ஆறு பொறந்திருக்கு, நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?" என்றான். ஒன்பதே கொடுத்தேன். இன்று அதே சோப்பு விற்கிற விலையைச் சொன்னால் தையற்காரர் பேனாவைக் கீழே போட்டுவிடுவார்.

ஆகவே அரிசி இரண்டு மூட்டை, பருப்பு ஒரு மூட்டை, தீப்பெட்டி ஒரு பெட்டி, சோப்பு அறுபது என்று இப்போதைய விலையிலேயே வாங்கிப் போட்டேன். அதில் சோப்பு விஷயத்தில்தான் ஒரு சின்னத் தவறு. காய்ந்த சோப்பு இரண்டு மடங்கு நாள் வரும். அரிசியோ ஈரத்தை இழுக்கும். இரண்டையும் சேர்த்து யோசித்து, அறுபது சோப்பையும் உறை பிரித்து அரிசி டிரம்மில் புதைத்தேன். பத்தே நாளில் சோப்பு கல்லாகிவிட்டது. அரிசி மல்லிகைப் பூவாகிவிட்டது.

ஏழு தண்ணீர் கழுவியும் வாசனை போகவில்லை. உன் அம்மா ஒரு வாய் வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இனிமே குளிக்கறது தனி, சாப்பிடறது தனின்னு எதுக்கு? ஒரே வேலையா முடிச்சுக்கலாம்" என்றாள். போகட்டும், வாயைத் திறந்தாளே. தையற்காரர் வீட்டுக்கு ஒரு படி அரிசி கொடுத்தனுப்பினேன். அவர் சம்சாரம் அதே பாத்திரத்தில் திருப்பி அனுப்பிவிட்டாள். இதை எழுத அவர் யோசிக்கிறார். எழுதுங்கள் என்கிறேன். கூலி பக்கத்துக்கு ஒரு சோப்பு என்று பேச்சு. எழுத்தெல்லாம் கொழுத்துக் கிடப்பது அதனால்தான்.

மற்றபடி வீடு ஒழுங்காக ஓடுகிறது. நீ அனுப்புவதில் மூன்றில் ஒரு பங்கை உன் அம்மா இரண்டு மாதமாகத் தொடவே இல்லை, பாங்கில் அப்படியே கிடக்கிறது. நானும் பழைய கடைக்குக் காலையில் மூன்று மணி நேரம் எடை போடப் போகிறேன். முதலாளி மகன் கரண்டுத் தராசு வாங்கி வைத்திருக்கிறான். அது காட்டுவதற்குள் நான் மூட்டையைத் தூக்கிப் பார்த்து எடையைச் சொல்லிவிடுகிறேன். "பெரியவரே, கொஞ்சம் சும்மா இருங்க, வர்றவங்க மெஷினை நம்பமாட்டேங்கறாங்க" என்று கெஞ்சுகிறான். பயப்படாதே, சின்ன மூட்டைகள்தான்.

சரக்கெல்லாம் உன் அறையில்தான் இருக்கிறது. கட்டிலை மட்டும் உன் அம்மா தொடவிடவில்லை. தீப்பெட்டிப் பெட்டியைச் சற்று நேரம் அதன்மேல் வைத்ததற்கு, "அவன் வந்தா எங்க படுப்பான், உங்க தலைமேலயா?" என்று கத்தினாள். வாராவாரம் அந்த விரிப்பைத் துவைத்துப் போடுகிறாள். யாரும் படுக்காத விரிப்பை எதற்குத் துவைக்கிறாய், சோப்பு கரைகிறதே என்றேன். விரிப்பின் சுருக்கத்தை இன்னொரு தரம் நீவிவிட்டுப் போய்விட்டாள்.

உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்று தையற்காரர் கேட்கிறார். அதெல்லாம் வேண்டாம், மீதி சோப்பு ஐம்பத்திரண்டு என்று எழுதுங்கள் என்றேன்.

ஊர் திரும்பும் டிக்கெட்டும் விலை ஏறப்போகிறதாம். அதை வாங்கி அரிசியில் புதைத்து வைக்க எனக்கு வழியில்லை. நீதான் வாங்க வேண்டும்.

கீழே என் கைநாட்டு இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் சின்ன ரேகை உன் அம்மாவுடையது. இந்த வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். அதை அந்த இரண்டு வருடக் காகிதத்தில் போட்டுவிடாதே, ராஜா.

நூறு வயது நன்றாயிரு.

உன் அப்பா