கோமாளியின் கை

என் செல்லக் குள்ளச்சிக்கு,

போனை எடுக்கமாட்டாய். இதையாவது படித்துத் தொலை.

ஆற்றோரத்தில் மூடிக் கிடக்கும் நம் பூங்காவுக்கு இன்று காலை போயிருந்தேன். ராட்டினம் முழுக்கக் கொடி படர்ந்திருக்கிறது. சுற்றுக்குதிரைகளில் ஒன்றுக்கும் தலை இல்லை. ஆனால் வாசலில் கையை நீட்டி உயரம் பார்ப்பானே, அந்தத் தகரக் கோமாளி அப்படியே நிற்கிறான். "இன்னும் வளந்துட்டு வா பாப்பா" என்று மூன்று வருடம் தொடர்ந்து உன்னைத் திருப்பி அனுப்பினார்கள். நான் மட்டும் ஏறி, மேலிருந்து உனக்குக் கையாட்டினேன்.

இப்போது கேள். வெள்ளம் வந்து வந்து வண்டல் படிந்து, அவன் இடுப்புவரை புதைந்துவிட்டான்! டேப் வைத்து அளந்தேன். கை மூன்றடி உயரம்கூட இல்லை. உட்கார்ந்தபடியே நீ நான்கடி இருப்பாய். ஜெயித்துவிட்டோமடி!

காவலாளி வந்து, "யாருக்கும்மா அளக்குறீங்க?" என்றார்.

"என் தங்கச்சிக்கு."

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தொண்ணு."

மனிதர் முழித்த முழியை நீ பார்த்திருக்க வேண்டும். பிறகு, "கூட்டிட்டு வாங்க, கேட்டைத் திறந்து விடறேன்" என்றார்.

படிகளெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன, ஒன்றுகூட மிச்சமில்லை. ராட்டினம்வரை என் சைக்கிளை உருட்டிப் பார்த்தேன், சக்கரம் புதையவில்லை; உன் நாற்காலிச் சக்கரமும் புதையாது. டாக்டர் சொன்னதைப் பற்றி ஒரு வரிகூட எழுதமாட்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வருகிறேன். தலை வாரி வை. இந்தத் தடவை நீதான் முன்னால் போகிறாய். நான் பின்னால் தள்ளிக்கொண்டு வருகிறேன்.

அன்று உன்னை விட்டுவிட்டு ஏறிய,
அக்கா